சுண்டுவிரல் சுறாவுக்கு நாலடித் தொட்டி

செப்டம்பர் 4, வியாழன்

தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கர்ப்பப்பையின் வாய் ஆறாம் மாதத்திலேயே இளகத் தொடங்கிவிட்டதாம். தையல் தாங்க வேண்டுமென்றால் நான் படுத்தே இருக்க வேண்டும். ஒன்பதாம் மாதம் தொடங்கிய பிறகு பிரிப்பார்கள். அதுவரை கட்டில், குளியலறை, மறுபடியும் கட்டில். பயணம் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது என்றார் டாக்டரம்மா. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள்.

பள்ளியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. பாடக்குறிப்பு எழுத வேண்டிய பக்கங்களில் இனி இதைத்தான் எழுதப்போகிறேன்.

மாலையில் பூபதி ஒரு கண்ணாடித் தொட்டியை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். "நாள் பூரா விட்டத்தையே பாத்துட்டுக் கெடந்தா பைத்தியம் புடிச்சுக்கும் வடிவு. இதைப் பாரு" என்றார். இரண்டடி நீளத் தொட்டி. என் கால்மாட்டில் இருக்கும் மேசைமேல் ஏறியது. உள்ளே இரண்டு மீன்கள். உடம்பு முழுக்கக் கறுப்பு, வால் மட்டும் குங்குமச் சிவப்பு. ரெட் டெயில் ஷார்க் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். சுறா என்று பெயர் வைத்துக்கொள்ளும் துணிச்சலைப் பாராட்ட வேண்டும், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். கெண்டைக் குடும்பத்து மீனாம்.

கடைக்காரர் ஒன்று போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார். பையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பொள்ளாச்சியிலிருந்து அத்தையின் போன். "ஒத்தையா எதையும் ஊட்டுக்குள்ள கொண்டாந்து வெக்காத சாமி. புள்ளத்தாச்சி இருக்கற ஊடு. சோடியா வாங்கு." மகன் சோடியாக வாங்கிவிட்டார். தாய்சொல் தட்டாததற்கு நூற்றுக்கு நூறு. மீன் வாங்கியதற்கு எவ்வளவு என்பதைப் பிறகு போடுகிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முறைப்படி ஏழாம் மாதம் வளையல் போட்டு அம்மா என்னை அம்பாசமுத்திரத்துக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். நான் போக முடியாது என்பதால் அம்மா வந்துவிட்டாள். அம்மா வருகிறாள் என்று தெரிந்ததும் அத்தையும் வந்துவிட்டார். பெண்ணைப் பெற்றவள் பார்த்துக்கொள்ள, பிள்ளையைப் பெற்றவர் சும்மா இருந்தார் என்று ஊர் சொல்லிவிடக் கூடாதாம்.

கோயம்புத்தூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. அதில் இப்போது இரண்டு சம்பந்தியம்மாக்கள். இருவருக்கும் பேச்சில் தேன் சொட்டுகிறது. "நீங்க உக்காருங்க சம்பந்தியம்மா, நான் பண்றனுங்க" என்கிறார் அத்தை. "இருக்கட்டும் மதினி, நான் சும்மாதான கெடக்கேன்" என்கிறாள் அம்மா. காலையில் அடுப்புக்கு வலப்பக்கம் இருந்த உப்பு ஜாடி மதியம் இடப்பக்கம் இருந்தது. சாயங்காலம் மறுபடியும் வலப்பக்கம். படுத்திருக்கும் இடத்திலிருந்து சமையலறைக் கதவு வழியே எனக்கு அந்த ஜாடி மட்டும் நன்றாகத் தெரிகிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தையின் அரிசி பருப்புச் சோறு, அம்மாவின் சொதி, இரண்டும் வந்தன. இரண்டையும் சாப்பிட்டு இரண்டையும் புகழ்ந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

பெரிய மீன் சின்ன மீனைத் துரத்துகிறது. தொட்டியின் நடுவில் இருக்கும் மண்சட்டிக் குகை தன்னுடையது என்று முடிவு செய்துவிட்டது. சின்னது வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, வெளியே தலை காட்டினால் பாய்ச்சல்தான். துரத்தல் முடிவதற்குள் தொட்டி முடிந்துவிடுகிறது. அதனால் திரும்பி, மறுபடியும் துரத்தல்.

அம்மா சின்னதின் கட்சி. "பாவம், ஒடுங்கிப் போய்க் கெடக்கு. அந்தத் தடியனப் பாரேன், நிக்க விடமாட்டேங்கான்." அத்தை பெரியதின் கட்சி. "அது ஊட்டை அது காவல் காக்குதுங்க. தப்பு ஒண்ணுமில்லீங்களே." ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். நான் மீனைத்தான் சொல்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூபதி பெரிய தொட்டி வாங்கி வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். "ரெண்டு மடங்கு தண்ணி புடிக்கும். இனி சண்டையே வராது." பார்த்தால் அதே இரண்டடி நீளம், அதே ஒரு அடி அகலம். உயரம் மட்டும் இரண்டடி. மீன்களை மாற்றினோம். இரண்டும் நேராக அடியில் போய் அமர்ந்தன, பழைய சண்டை விட்ட இடத்தில் தொடர்ந்தது. மேல்பாதித் தொட்டி குடிவர ஆளில்லாத மாடி வீடாக நிற்கிறது.

படுக்கையிலிருந்தே கடைக்காரரிடம் பேசினேன். பொறுமையான மனிதர்.

"மேடம், இது அடியில மேயற மீனுங்க. ஒசரம் அதுக்குப் பிரயோஜனம் இல்ல. தரைதான் கணக்கு. நீளம், அகலம் பாத்து வாங்கோணும்."

"அப்ப எத்தனை அடி வேணும்?"

"ஒரு மீனுக்கு நாலடி நீளம், ஒண்ணரை அடி அகலம். அதான் குறைஞ்சது. இதுலயே வெள்ளி ஷார்க்குன்னு ஒண்ணு இருக்குதுங்க, அது கூட்டமாத்தான் இருக்கும், ஒரு அடி வளரும், அதுக்கு ஆறடி, எட்டடி வேணும். உங்களுது அரையடிதான் வளரும். ஆனா கோவக்காரன். தன் சாதி மீனை ஒரே தொட்டில விடவே விடாது. அதான் ஒண்ணு போதும்னு சார் கிட்டச் சொன்னேன்."

"இத்தனூண்டு மீனுக்கு நாலடியா?"

"இப்ப இத்தனூண்டுங்க மேடம். எல்லாரும் வாங்கற அன்னிக்கு இருக்கற அளவைப் பாத்துத்தான் தொட்டி வாங்கறாங்க."

நீளம் பெருக்கல் அகலம். ஆறாம் வகுப்புக் கணக்கு. பூபதிக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து, வழிமுறைக்காக மட்டும். விடை தவறு.

செப்டம்பர் 17, புதன்

அம்மா தலைவாரிவிடும்போது, "போன தடவை இந்த சமயத்துலதான..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். சீப்பைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

சின்ன மீனின் நிறம் வெளுத்துவிட்டது. பயந்தால் வெளுக்குமாம். வால் சிவப்பு இப்போது ரோஸ்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்றைய நாளைத் தாண்டிவிட்டோம். எதைத் தாண்டினோம் என்று எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 24, புதன்

கட்டிலிலேயே வளையல் போட்டார்கள். எங்கள் பக்கத்து முறை, அவர்கள் பக்கத்துக் கட்டுச்சோறு, இரண்டும் ஒரே நாளில். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று அத்தை கிண்டிக் குவித்துவிட்டார். அம்மா போட்டிக்கு முந்திரிக்கொத்து. கடைசியில் யார் கையால் என் கன்னத்தில் முதல் சந்தனம் என்று ஒரு தயக்கம் வந்தது. "நீங்க பூசுங்க", "இல்ல நீங்க பூசுங்க" என்று நின்றதில் பூபதி குறுக்கே புகுந்து இரண்டு கன்னத்திலும் பூசிவிட்டார். ஆண்கள் பூசக் கூடாதாம். இருவருமாகச் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். வீட்டில் இதுவரை நடந்ததிலேயே ஒற்றுமையான காரியம் அதுதான்.

பூபதியின் சித்தி தொட்டில் துணி வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். "அதெல்லாம் பொறந்ததுக்கப்பறம்" என்று அத்தையும் அம்மாவும் ஒரே மூச்சில் சொன்னார்கள். முன்கூட்டியே எதுவும் வாங்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, வீட்டில் புது வேலை தொடங்கக் கூடாது. நானும் தலையாட்டினேன். எனக்கும் அப்படித்தான் சரியென்று படுகிறது. எதையும் எண்ணாமல் இருப்பது நல்லது.

செப்டம்பர் 27, சனி

காலையில் வயிறு இறுகியது. மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்தோம். தையல் அப்படியே இருக்கிறது.

மீன்களுக்கு இன்று யாரும் தீனி போடவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, ஃபைலை எடுக்க வீட்டுக்குள் ஓடியபோது என்ன பார்த்தார் என்று பூபதி இன்று சொன்னார். அம்மா அவள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளாம். அத்தை சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாராம். இரண்டு பேரும் தங்களுக்குத்தான் பயம், மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டேன். "மீனுக்குத் தீனி போடறதையே மறந்துட்டேன்" என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று நான் கோபப்பட்டேன். டாக்டரம்மாவிடம் சொல்லப்போவதில்லை.

காலையில் பார்த்தால் சின்ன மீனின் வாலில் ஒரு துண்டைக் காணோம். அடியில் செதில்கூட உதிர்ந்து கிடந்தது. ஒன்றைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் பூபதி. அத்தை சம்மதிக்கவில்லை. "சோடியாக் கொண்டாந்ததைப் பிரிச்சு வெளிய அனுப்பறதா? இந்தச் சமயத்துலயா?" அம்மாவும் அதையே சொன்னாள். அப்படியென்றால் இன்னொரு தொட்டி வேண்டும்.

"இப்போதைக்கு ரெண்டடியே போதும்" என்றார் பூபதி. "சின்ன மீன்தானே. பழைய தொட்டியே பரண்ல இருக்கு."

"நாலடி வாங்கணும். ரெண்டு நாலடி. ஆளுக்கு ஒண்ணு" என்றேன்.

"வெரலுக்குத் தக்க வீக்கம் வேணும் கண்ணு" என்றார் அத்தை. "வெரல் நீள மீனுக்கு ஆள் படுக்கற அளவுக்குத் தொட்டி எதுக்கு?"

"இப்பம் புதுசா ஒண்ணும் வாங்காண்டாம்ட்டி" என்றாள் அம்மா. "எல்லாம் நல்லபடியா முடியட்டும். பொறவு பாத்துக்கிடலாம். இப்போதைக்கு இது போதும்."

இப்போதைக்கு, இப்போதைக்கு. இந்த வீட்டில் ஒரு மாதமாக அந்த வார்த்தையைத்தான் எல்லோரும் மென்றுகொண்டிருக்கிறோம். இப்போதைக்குப் படு, இப்போதைக்குச் சாப்பிடு, இப்போதைக்கு எதையும் நினைக்காதே. எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு குரல் வந்தது என்று தெரியவில்லை. கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல்.

"இப்ப இருக்கற அளவுக்கு வாங்கினா அது வளரவே வளராதுன்னு நினைச்சு வாங்கற மாதிரி. அது வளரும். நாளைக்கு வளரும், அடுத்த வருஷம் வளரும், அரையடி வளரும். வளர்ந்தா எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவு இப்பவே வேணும். எனக்கு இப்பவே வேணும்."

நான் மீனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன், எல்லோரும் ஏன் என் வயிற்றைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. பூபதி சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார். எங்கே என்று கேட்டதற்கு, "நாலடி சொல்லிட்டு வந்துடறேன். ரெண்டு" என்றார்.

அவர் போன பிறகு ரொம்ப நேரம் அழுதேன். நல்ல அழுகை. அழுது முடித்ததும் பசித்தது.

அக்டோபர் 6, திங்கள்

அத்தை என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். வேண்டாம் என்று சொன்னால் கேட்பவர் இல்லை. தேய்த்துக்கொண்டே, "நாலடி பத்துமா கண்ணு? அஞ்சடி வேணும்னாலும் சொல்லு, பூபதி கிட்ட நாஞ் சொல்றேன்" என்றார்.

போதும் அத்தை என்றேன். அத்தைக்கு மார்க் போடுகிற தைரியம் எனக்கு இல்லை. இருந்தால் முழுசாகப் போட்டிருப்பேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தொட்டிகள் வந்தன. கடைக்காரர் பசை காயட்டும் என்று ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார். ஒன்று என் அறைக்கு, ஒன்று கூடத்துக்கு.

கூடத்துத் தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்று மகாநாடு. தண்ணீர் ஈசானி மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார் அத்தை. வெயில் படுகிற ஜன்னலோரம் வைத்தால் பாசி பிடிக்கும் என்றேன் நான். வீட்டின் ஈசானி மூலை ஜன்னலோரம்தான். அம்மா ஜன்னலுக்குத் தன் பழைய புடவையைத் திரையாகக் கட்டி வழக்கை முடித்துவைத்தாள். ஆணி அடிக்கக் கூடாது என்பதால் கயிறு.

என் அறைத் தொட்டியைப் பூபதி இடம் அளந்து வைத்தார். இரும்பு ஸ்டாண்ட், அதன்மேல் தொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர். நிரம்பிய பிறகுதான் அத்தை பீரோவைத் திறக்கப் போனார். கதவு நாலு விரல் அகலம் திறந்து தொட்டியில் முட்டியது. சுவரை அளந்தவர் கதவு திறக்கிற இடத்தை அளக்கவில்லை. தீபாவளிப் புடவை, பட்டுப் புடவை எல்லாம் உள்ளே சிறைப்பட்டுவிட்டன. நிரம்பிய தொட்டியை யானை வந்தாலும் நகர்த்த முடியாது.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அத்தை அடக்கப் பார்த்துத் தோற்றார். நான் வயிறு குலுங்காமல் சிரிக்க முயன்று வாயைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன். "எனக்கும் ரெண்டு சட்டை உள்ளதான் இருக்குது" என்று பூபதி பரிதாபமாகச் சொன்னதும் மறுபடியும் தொடங்கியது.

மீன்களை உடனே மாற்றக் கூடாதாம். தண்ணீர் பழக வேண்டும். பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைப் புதுத் தண்ணீரில் ஊறவிட்டிருக்கிறோம். "தண்ணியும் புதுப்பொண்ணு மாரி வந்த வீட்டுல பழகணும் போல" என்றாள் அம்மா. "நாம ரெண்டு பேரும் பழகல?" என்றார் அத்தை. சொல்லிவிட்டு இருவருமே கொஞ்சம் கூச்சப்பட்டார்கள்.

அதுவரை உயரத் தொட்டிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் பலகை. சின்னதுக்கு நிம்மதியான தூக்கம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நைட்டியில் கொண்டாடினேன், பீரோ உபயம். அம்மா உச்சந்தலையில் எண்ணெய் வைத்தாள். வெடிச் சத்தத்துக்கு மீன்கள் மிரளும் என்று அத்தை தொட்டிமேல் கம்பளியைப் போர்த்திவிட்டார். ஒரு அணுகுண்டு வெடித்தபோது உள்ளேயிருந்து ஓங்கி ஓர் உதை விழுந்தது. பூபதியின் கையை எடுத்து வைத்தேன். இரண்டாவது உதை அவர் கையில். அவர் கையை எடுக்கவே இல்லை, பட்டாசு கொளுத்தக் கூப்பிட்டும் போகவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

மாற்றிவிட்டோம். பெரியது கூடத்துக்கு, சின்னது எனக்கு.

சின்னது முதலில் ஓரமாகவே நின்றது. பிறகு ஒரு பக்கச் சுவரிலிருந்து நீந்தத் தொடங்கி, வழக்கம்போல் சுவர் வரும் என்று நினைத்த இடத்தில் தயங்கியது. சுவர் வரவில்லை. இன்னும் போனது. இன்னும் போனது. அந்தக் கோடி வரை போய்த் திரும்பி, அதே வேகத்தில் மறுபடியும் வந்தது. எத்தனை தடவை போய்வந்தது என்று கணக்கு வைக்கவில்லை. கணக்கு டீச்சர் கணக்கு விட்ட நாள். மனசு அப்படி நிறைந்து கிடந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

வால் முழுதாக வளரவில்லை, ஆனால் சிவப்பு திரும்பிவிட்டது. உடம்பு அடுப்புக்கரிக் கறுப்பு. கூடத்துப் பெரியவர் தனியாகக் கிடந்து சாதுவாகிவிட்டாராம். துரத்த ஆளில்லை. அம்மாவே இப்போது அவரைத் தடியன் என்று சொல்வதில்லை.

வெற்றி தலைக்கேறி, பூபதி கரண்ட் அடுப்பு ஒன்று வாங்கி வந்து பின்வாசல் மேடையில் வைத்தார். ஆளுக்கு ஓர் அடுப்பு. யோசனைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. இரண்டு நாள் நன்றாக நடந்தது. இன்று பார்த்தால் இருவரும் உள்ளே ஒரே அடுப்பில் நிற்கிறார்கள். அத்தைக்குச் சொதி வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். "மூணாவதா புழிஞ்ச தேங்காப்பால்ல காய்கறிய வேகவைக்கணும் மதினி, மொதப்பால கடைசில ஊத்தணும்" என்கிறாள் அம்மா. "இப்படீங்களா, போதுங்களா" என்கிறார் அத்தை. உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

படுத்துப் படுத்து முதுகு என்னுடையதே இல்லை. எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். மீன்மேலும். மாலையில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன், மீனைத் தவிர.

நவம்பர் 18, செவ்வாய்

ஸ்கேன். எடை நன்றாக இருக்கிறதாம். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நல்ல பிடிவாதம்" என்றார். என்னைச் சொன்னாரா, உள்ளே இருப்பவரைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

அம்மாவும் அத்தையும் மதியம் கோயிலுக்குப் போகிறோம் என்று சேர்ந்து கிளம்பினார்கள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. எந்தக் கோயில் என்று கேட்டதற்கு அத்தை மருதமலை என்றார், அம்மா பேரூர் என்றாள். நெற்றியில் திருநீறும் இல்லை. நன்றாகப் பழகிவிட்டார்கள், பொய்தான் இன்னும் ஒன்றாகச் சொல்லப் பழகவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

தையலைப் பிரித்தாயிற்று.

இனி வருவது எந்த நேரம் வந்தாலும் சரியான நேரம்தான் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்ததும் எழுந்து நடந்தேன். அறையிலிருந்து கூடத்துக்கு. பெரிய மீனை நேரில் பார்த்து மூன்று மாதப் பழக்கத்தில் நலம் விசாரித்தேன். அதன் தொட்டி முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. மாலையில் இரண்டு சம்பந்தியம்மாக்களும் உட்கார்ந்து பேசுகிற இடமாம். நான் படுக்கையில் கிடந்ததால் எனக்குத் தெரியாமல் வீட்டில் என்னென்னவோ நடந்திருக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் வலி. போகிறோம். பூபதி நினைவாகத் தீனி போட்டுவிட்டார்.

டிசம்பர் 4, வியாழன்

மருத்துவமனைக் கட்டிலில் எழுதுகிறேன். மகள். செவ்வாய் மதியம் பிறந்தாள். அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். போன தடவை அறை அமைதியாக இருந்தது. அமைதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் இவள் அழுததை யாரும் நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். நர்ஸம்மா சிரித்தார்கள்.

துடைத்துக் கொண்டுவந்ததும், "பாப்பாவுக்குத் துணி குடுங்க" என்றார்கள். பூபதி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்களிடம் ஒரு கைக்குட்டைகூட இல்லை. நாங்கள் இருவரும் சொன்ன பேச்சு கேட்ட பிள்ளைகள், பிறப்பதற்கு முன் எதுவும் வாங்கவில்லை.

அத்தை மெல்லத் தன் பைக்குள் கையை விட்டார். அம்மாவும் விட்டாள். இரண்டு துணிக்கடைப் பைகள் வெளியே வந்தன. ஒரே கடை.

"தப்பா நெனைச்சுக்காத கண்ணு" என்றார் அத்தை. "நீ ஆசுப்பத்திரில எடை நல்லாருக்குன்னு கேட்டுட்டு வந்த அன்னிக்கு மனசு கேக்கல. சம்பந்தியம்மாளும் வாரேன்னாங்க."

"நான் எங்க வந்தேன், நீங்கதான என்ன இழுத்துட்டுப் போனிய" என்றாள் அம்மா.

நர்ஸம்மா பிரித்துப் பார்த்தார்கள். அத்தை எடுத்தது மஞ்சள் கவுன். அம்மா எடுத்தது பச்சையில் பூப்போட்ட சட்டை, இரண்டு பக்கமும் பை வைத்தது. இரண்டுமே நடக்கிற பிள்ளைக்கு ஆகிற அளவு. "ஏம்மா, பொறந்த கொழந்தைக்குன்னு சொல்லி வாங்கலையா? இதைப் போட்டா பாப்பா உள்ள காணாமப் போயிடும்" என்றார்கள்.

"வளந்துருவா" என்றாள் அம்மா.

"வளர்ற புள்ளைங்க" என்றார் அத்தை.

வேறு துணி இல்லாததால் மஞ்சள் கவுனைத்தான் போட்டுவிட்டார்கள். கழுத்து தோளுக்குக் கீழே நழுவியது. கைப்பகுதி இரண்டும் வெறுமனே தொங்கின. பாதத்துக்குக் கீழே இன்னும் ஒரு முழம் துணி மடிந்து கிடந்தது. என் மார்பில் கொண்டுவந்து வைத்தார்கள். பூபதி ஒரு பக்கம் நின்று மூக்கை உறிஞ்சினார். இரண்டு அம்மாக்களும் அழுதுகொண்டே ஒருவரையொருவர் அழாதீர்கள் என்று சொன்னார்கள்.

நான் அந்தப் பெரிய கவுனுக்குள் கையை விட்டு அவள் கையைத் தேடினேன். சிறிது நேரம் துணிதான் கிடைத்தது. பிறகு கை கிடைத்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.